பதினோராம் நம்பர் வீட்டின் கடைசி நாள்

ஆறு இருபத்தைந்துக்கே டி.வி.யைப் போட்டாயிற்று. ஐந்து நிமிஷத்தில் யாரும் மலையைப் புரட்டிவிடப் போவதில்லை, ஆனாலும் ஞானசௌந்தரி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். விளம்பரத்தில் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சிரிக்கிறவளைத் தன் ஐம்பத்தெட்டு வயதில் ஞானசௌந்தரி பார்த்ததில்லை. டி.வி.க்கு மேலே திருஇருதய ஆண்டவர் படம், அதன் காலடியில் சிவப்பு விளக்கு, இந்தப் பக்கம் அவருடைய நாற்காலி, இன்னும் காலியாக. அவர் என்றால் சவரிமுத்து, அவள் வீட்டுக்காரர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பின்பக்கக் குழாயடியில் அவர் முகம் கழுவும் சத்தம் கேட்டது. இன்றைக்கு இது மூன்றாவது தடவை. நாலு மணியிலிருந்தே மனுஷர் ஒரு நிலையில் இல்லை. உட்காருவதும், எழுவதும், தண்ணீர் மொண்டு குடிப்பதும், வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவதும். அவருக்கும் உறைத்திருக்கும் போலிருக்கிறது, நாலரை வருஷமாக ஓடிய 'பதினோராம் நம்பர் வீடு' இன்றோடு முடிகிறது என்று. நகைச்சுவைத் தொடரின் இறுதிப் பகுதி, காணத் தவறாதீர்கள் என்று நேற்றிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போட்டுக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமையிலிருந்து இதே நேரத்துக்கு வடக்கிலிருந்து வாங்கி டப்பிங் செய்த ராஜா காலத்துக் கதையாம். அதில் எல்லாரும் கிரீடம் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள். கிரீடம் வைத்தவனிடம் போய் ரசத்தில் உப்பில்லை என்று சொல்ல முடியுமா? அப்புறம் இந்த வீட்டில் யார், யாரிடம், எதைப் பேசுவது? காலையிலிருந்து அந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

நாற்பத்தொரு நாள். தவக்காலம்கூட நாற்பதுதான், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி இன்றோடு நாற்பத்தொரு நாள். முதல் ஆறு நாள் கலப்படமில்லாத மௌனம். காபியை வைப்பாள், குடிப்பார். சோற்றைப் போடுவாள், சாப்பிடுவார். லேபில் வேலை பார்க்கும் மகள் ரெஜினா வீடு திரும்பினால் அவள் வழியாகத் தபால் போகும், அப்பாகிட்ட கேஸ் புக் பண்ணச் சொல்லு, அம்மாகிட்ட என் கண்ணாடி எங்கேன்னு கேளு என்று. ஏழாம் நாள் இதே நேரம், இதே நாற்காலியில் இருந்துகொண்டு சவரிமுத்து திடீரென்று டி.வி.யைப் பார்த்துப் பேசினார். "யோவ் உலகநாதா, காபியில சர்க்கரை இல்லன்னா வாயைத் தொறந்து சொல்லேன்யா. எதுக்கு மூஞ்சியை அப்படி வச்சிருக்க?" உலகநாதன் என்பவன் அந்தத் தொடரில் வரும் அப்பா. அந்த நேரத்தில் அவன் காபியே குடிக்கவில்லை, குடையைத் தேடிக்கொண்டிருந்தான். ஞானசௌந்தரி புருஷன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவளும் திரையைப் பார்த்து, "ஏம்மா வேதவல்லி, சர்க்கரை டப்பா மேல்தட்டுலதான் இருக்கு, கை இருக்கிறவங்க எடுத்துப் போட்டுக்கலாம்னு சொல்லிடு" என்றாள். வேதவல்லி அந்தத் தொடரின் அம்மா. அன்றைக்கு ஆரம்பித்தது. ஜாடை பேசுவது ஒன்றும் புதிசில்லை. அவள் மாமியார் கோழியைத் திட்டுகிற சாக்கில் மருமகளைத் திட்டுவதில் கைதேர்ந்தவள், கோழிகூட ஒரு கட்டத்தில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடும். ஆனால் இல்லாத ஒரு குடும்பத்தை நடுவில் உட்கார வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் குடித்தனம் நடத்தியது பொன்மலையிலேயே இந்த ஒரு வீட்டில்தான் இருக்கும். இருபத்திரண்டு நிமிஷம், நடுவில் இரண்டு இடைவேளை. அதற்குள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், ரெஜினாவின் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், கோயிலில் பூசை நேரத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க என்றைக்குச் சொல்வது, எல்லாம் முடிந்துவிடும். "உலகநாதன் பிரஷர் மாத்திரை போட்டானோ என்னமோ" என்பாள் இவள். "போட்டாச்சு, போட்டாச்சு, வேதவல்லிக்கு அந்தக் கவலை வேணாம்" என்பார் அவர், திரையைப் பார்த்தபடியே. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும், மறுநாள் ஆறரை வரைக்கும்.

தொடக்கப் பாட்டு ஆரம்பித்தபோது சவரிமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். மின்விசிறிச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை என்று ஞானசௌந்தரி இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஸ்டூலில் இருந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள், கூட்டியவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பழைய ரிமோட். முதுகில் மூடி இல்லை, பேட்டரி விழாமல் இரண்டு சுற்று ரப்பர் பேண்டு. மூன்று வருஷமாகச் சவரிமுத்து அந்த மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரும்போடு வாழ்ந்தவர் இல்லையா, ஒரு பொருள் தன் மூடியில்லாமல் இருப்பது அவருக்குப் பொறுக்காது. கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவுவார், எலி இழுத்திருக்கும் என்பார். எங்கே விழுந்தது என்று ஞானசௌந்தரிக்குத் தெரியும். அவளை அவர் கேட்டதில்லை, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்கிற நினைப்பு. திரையில் வேதவல்லி சாம்பாருக்குப் பதில் காபித் தண்ணீரில் பருப்பைக் கொட்டினாள், சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பையெல்லாம் மெஷினில் வைத்திருந்து சேர்க்கிறார்கள் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். இருக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஆள் இருக்கிறான், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்து 'ஹே' என்று தனியாகச் சிரிப்பான். தினமும் அவனுக்காகக் காத்திருப்பாள் ஞானசௌந்தரி. யாரு பெத்த பிள்ளையோ, அவனுக்கு மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் புரிகிறது. வேதவல்லியை அவளுக்குப் பிடிக்கும். அசடுதான், ஆனால் யார் மேலேயும் வன்மம் கிடையாது. அதனால்தான் சவரிமுத்து பெண்டாட்டியையே 'வேதவல்லி' என்று கூப்பிடத் தொடங்கியபோதும், அது தெருவுக்குத் தொற்றிக் காய்கறிக்காரன்வரை போனபோதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. "என்ன வேதவல்லி, இன்னைக்கு என்ன கூத்து?" என்றுதான் காலையில் எழுந்ததும் கேட்பார். உங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதி அனுப்புங்கள், தொடரில் சேர்க்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் சேனலில் சொன்னபோது, நாலு பக்கம் எழுதி உறையில் போட்டார். என்ன எழுதினீங்க என்றதற்கு, "டி.வி.யில வரும்போது பாரு" என்று கண்ணடித்தார். மிக்ஸியில் கரண்டியோடு சட்னி அரைத்த கதையாக இருக்கும் என்று அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அப்போதெல்லாம் பேச்சு இருந்தது.

சொல்லிச் சிரிக்க ஆயிரம் கூத்து உண்டு, அந்த ஒன்றை மட்டும் அவர் விட்டிருக்கலாம், சொல்லாமல் இருந்திருக்கலாம், முப்பது பேர் நடுவில் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு நடித்துக் காட்டாமல் இருந்திருக்கலாம். மனசு அங்கேதான் போகிறது, செக்கு மாடு மாதிரி, எந்தப் பக்கம் ஓட்டினாலும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசிக் காலை, வெளியே மழை. டி.வி.யில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தவர் நடையில் அப்படியே உட்கார்ந்தார். துவட்டிய உடம்பில் மறுபடி வேர்வை, முத்து முத்தாக. "ஞானம்" என்றார், அவ்வளவுதான். அவள் ஓடிப்போய் போனை எடுத்தாள். போன் என்று நினைத்து எடுத்தாள். ரெஜினா நம்பரை அமுக்கினாள், ஒன்பது, எட்டு, நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் டி.வி.யில் ஏதோ தாவியது, பாட்டு, சமையல், கிரிக்கெட், அவள் கண்ணில் எதுவும் படவில்லை. கடைசி எண்ணை அமுக்கியதும் ஒரு பெண் குரல் தெளிவாகப் பேசியது. எடுத்துட்டாள்! "ரெஜினா, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதும்மா, சீக்கிரம் வாம்மா" என்று அவள் கதறியது செய்தி வாசிக்கும் பெண்ணிடம். அந்தப் பெண்ணோ, கடலோர மாவட்டங்களில் கனமழை என்றாள். அப்போதும் புரியவில்லை. "மழையாயிருந்தா என்னடி, ஆட்டோ பிடிச்சு வா" என்றாள். எதிர் வீட்டு டெய்லர் ஓடிவந்து ஆட்டோவைக் கூப்பிட்டது பிறகு. நாலாம் நாள் வார்டில் கண் தெளிந்து படுத்திருந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிமோட்டைக் காதுல வச்சுக்கிட்டு யாருகிட்டடி பேசின?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் நெஞ்சு குலுங்கியதைப் பார்த்து நர்ஸ் பயந்துபோய்ச் சிரிக்காதீங்க என்றாள். ஞானசௌந்தரிக்கு அந்தச் சிரிப்பு, ஆண்டவர் உயிர்த்தார் என்று அடிக்கிற பாஸ்கா இரவு மணி மாதிரி இருந்தது. சிரிக்கிறார் என்றால் இருக்கிறார். அதனால் அடுத்த தடவை சொன்னபோதும் அவளும் சேர்ந்து சிரித்தாள், அதற்கடுத்த தடவையும். கதைக்குக் கண் மூக்கு காது வளர்ந்தது. செய்தி வாசிக்கிறவளிடம் சாப்பிட்டியா என்று கேட்டதாக ஒரு சேர்க்கை. போகப்போக, அந்தக் கதையில் நடையில் உட்கார்ந்திருந்த ஆள் காணாமலே போய்விட்டார். நெஞ்சு வலி இல்லை, வேர்வை இல்லை, ரிமோட்டும் ஒரு பைத்தியக்காரியும்தான் மிச்சம். ரெஜினாவின் நிச்சயதார்த்தத்தன்று பெங்களூர் சம்பந்தி வீட்டார் முன்னால் அதைத்தான் நடித்தார். சம்பந்தியம்மாள் வாயில் லட்டோடு சிரித்து, புரையேறி, தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது ஞானசௌந்தரிதான். கொடுக்கும்போது பார்த்தாள், ரெஜினாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. அந்த ஐப்பசிக் காலையில் அவள் ஒருத்தி மட்டும் தனியாக நின்றிருந்தாள், இத்தனை வருஷம் கழித்தும் அங்கே அவளோடு யாருமே வந்து நிற்கவில்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் வாய் திறக்க வரவில்லை.

முதல் இடைவேளை வந்தது. இது பேசுகிற நேரம், வழக்கமாக இப்போதுதான் அவர் ஆரம்பிப்பார். இன்றைக்கு அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பற்பசையும் பெயிண்டும் மாறி மாறி வந்தன. வேதவல்லியிடம் சொல்லிவிடலாமா என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது, ஏம்மா, நீ நாளையிலேருந்து இல்லையாமே, இங்க ரெண்டு பேரு என்ன பண்ணுறது என்று. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி, அதற்கும் பதில் வராவிட்டால்? ரெஜினா தை மாதம் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விடுவாள், அப்புறம் தபால்காரியும் கிடையாது. இந்த ஹாலில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், கிரீடம் வைத்தவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். இப்படியே ஒரு வருஷம் போகும், பழகிவிடும். பழகிவிடும் என்பதுதான் பயமாக இருந்தது. பேசாமல் இருப்பதற்குப் பழகிய வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அவர் நடையில் மறுபடி உட்கார்ந்தால், "ஞானம்" என்று கூப்பிடக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தால்? ரிமோட்டின் ரப்பர் பேண்டை இழுத்து விட்டாள், டப் என்றது. அவர் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நகத்துக்குப் போனார். செவ்வாய்க்கிழமைகூட இப்படித்தான் இருந்தார். போன் வந்தது, வாசலுக்குப் போய் நின்று பேசினார். "சார், அதை எடுத்துட முடியாதுங்களா? தயவு பண்ணி எடுத்துடுங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஈ.பி.காரனிடம் வாசல் கம்பத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று அவள் நினைத்தாள். ஒரு கம்பத்துக்கு மனுஷர் இவ்வளவு கெஞ்சுவாரா என்றும் நினைத்தாள். உள்ளே வந்தவர் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்பில் பருப்பு வாசனை வந்தது, எழுந்து போக வேண்டும், போகவில்லை.

மறுபடி பதினோராம் நம்பர் வீடு. உலகநாதன் யாருக்கும் தெரியாமல் சமையலறையில் பன்னிரண்டு போண்டா தின்றான். பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வேதவல்லிக்குத் தெரியாது. ஹாலுக்கு வந்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தான். பின்னால் ஒருத்தன் பீப்பீ என்று ஊதினான், சிரிப்பு. வேதவல்லி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஐயோ, யாராவது வாங்களேன்!" சிரிப்பு. சுற்றும் முற்றும் பார்த்தாள், டி.வி. மேல் இருந்த ரிமோட்டை எடுத்தாள், எண்களை அமுக்கினாள், காதில் வைத்தாள். ஞானசௌந்தரிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல வெயிலில் ஐஸ் தண்ணீரை மேலே கொட்டினால் ஒரு கணம் சூடா குளிரா என்று தெரியாது, அப்படி இருந்தது. பிறகு நாலு பக்கம் எழுதி உறையில் போட்டது இதுதான் என்று புரிந்தது. எழுதினது நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். செவ்வாய்க்கிழமை எடுத்துடுங்க சார் என்று கெஞ்சினாரே, அதுவும் இதைத்தான், கம்பத்தை இல்லை. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முழுக்கத் தெரியாவிட்டாலும் ஏதோ தெரிந்திருக்கிறது. திரையில் செய்தி வாசிப்பவள் வந்தாள், கனமழை என்றாள், சிரிப்பு வெடித்தது, வெடித்து ஓய்ந்ததும் அந்தத் தாமதக்காரன் 'ஹே' என்றான். இன்றைக்கு அவன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஞானம், அதைக் குடு."

யாரைச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஞானம் என்று தொடரில் யாரும் கிடையாது. சவரிமுத்து எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். "ரிமோட்டைக் குடு ஞானம், மாத்திடறேன், நீ இதைப் பார்க்காத." அவள் கொடுத்தாள். நெற்றியில் ஏறிய கண்ணாடியை இறக்கிக்கொள்ளத் தோன்றாமல் அவர் கண்டபடி அமுக்கினார். சேனல் மாறவில்லை. சத்தம்தான் நின்றது. பீப்பீ நின்றது, மெஷின் சிரிப்பு நின்றது, தாமதக்காரனும் நின்றுபோனான். மின்விசிறி மட்டும் சுற்றும் ஓசை. திரையில் ஒரு பெண்பிள்ளை காதில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அழுதாள். வாய் கோணிக்கொண்டது, மூக்கு சிவந்தது, இன்னொரு கையால் புருஷன் மார்பைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னாள், என்ன என்று கேட்கவில்லை. நல்ல நடிகை. சிரிப்புச் சத்தம் இல்லாமல் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. சவரிமுத்து அடுத்த பொத்தானைத் தேடிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தார், நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்தக் காட்சி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அங்கேயே நின்றார். பிறகு தன் நாற்காலியை நகர்த்தி, டி.வி.க்கு முதுகு தெரிய, அவளுக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு," என்றார், தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு எவ்வளவு நேரம் இதை இப்படியே வச்சிருந்த?"

மூன்று வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஞானசௌந்தரி அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தொண்டையில் நின்ற முள் எங்கே போயிற்று என்றுதான் தேடினாள். "ஆட்டோவுலயும் கையிலதாங்க இருந்துச்சு" என்றாள். குரல் கரகரத்தது, அவரிடம் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "உங்களை உள்ள கொண்டுபோனாங்க. ரெஜினா போனை எடுத்துட்டா, வந்துக்கிட்டிருக்கான்னு நெனச்சுக்கிட்டு வராண்டாவுல நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியலைங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, விரலு பிரியல. நர்சம்மாதான் ஒவ்வொரு விரலா பிரிச்சு வாங்கினா. அப்பத்தான் மூடி கழண்டு விழுந்துச்சு. வீட்டுல இல்லைங்க அது. ஆஸ்பத்திரி வராண்டாவுல கெடக்கு."

சவரிமுத்து கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பி, ரப்பர் பேண்டு சுற்றியிருந்த முதுகைக் கட்டை விரலால் தடவினார். அவருக்குப் பின்னால் பதினோராம் நம்பர் வீட்டார் எல்லாரும் வரிசையாக நின்று கைகூப்பி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள், வேதவல்லி நடுவில் நின்று என்னவோ சொன்னாள். சத்தத்தைக் கூட்ட இருவருக்கும் தோன்றவில்லை.

"நான் கட்டிலுக்கடியிலயே தேடிக்கிட்டிருந்தேனே ஞானம்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.